நீலம் ஓர் அறை, மஞ்சள் ஓர் அறை

1946-ஆம் வருஷம், நவம்பர் மாதம் 9-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை மணி பத்து இருபது. முந்தின இரவு பிடித்த மழை முழுவதும் விடவில்லை; அப்போது தூறலாக இருந்தது. தியாகராய நகரில் ஒரு வீட்டின் கீழ் வராந்தாவில் நின்றுகொண்டு, குடையைக்கூட மடக்காமல் தோளில் சாய்த்தபடி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்து நொடி ஆகியிருக்கும். அந்தப் பத்து நொடியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வண்ணம் அடிக்கும் வேலையில் மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சுண்ணாம்பு எப்படிக் கரைப்பது, எத்தனை கை அடிப்பது, இதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. இருபத்தெட்டு வருஷம் இந்த வேலை பார்த்ததில் சுவரால் எனக்கு வந்த தொல்லை மூன்றோ நாலோதான். நோட்டுப் புத்தகத்தால் வந்ததை எண்ணினால் இரண்டு கை விரல்களும் போதாது. அதில் இது ஒன்று. இதைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்கள் யாராவது சரியான விடை சொன்னால் நல்லது.

அப்போது மயிலாப்பூரில் ஒரு கண்டிராக்டரிடம் மேற்பார்வையாளாக இருந்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்ணம் மாறினால் சுண்ணாம்பு அடிக்கிற நார் மட்டையைக் கழுவ வேண்டும், டின்னைக் கழுவ வேண்டும், ஆளுக்கு அரை மணி வீணாகும். அந்த அரை மணிக்கும் கூலி உண்டு. ஆகவே அளவுப் புத்தகத்தில் வண்ணத்துக்கு ஒரு வரி. வரியின் தலைப்பில் ‘அறை’ என்று போடுவோம். நடுவில் சுவர் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரே கூடத்தில் இரண்டு வண்ணம் என்றால் அறை ஒன்று, அறை இரண்டு. எங்களுக்குள் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வீட்டின் மாடியில் சரோஜா என்று ஓர் அம்மாள் குடியிருந்தார். வயது முப்பதுக்குள். புருஷன் டைபாய்டில் இறந்து இரண்டு வருஷம். கூட இருந்தது மாமனார் மட்டும். ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடி என்று பேரே தவிர ஒரே ஓர் அறைதான், இருபதடிக்குப் பத்தடி. சமையலுக்கு வெளியே தளத்தில் ஒரு தகரக் கொட்டகை. இந்த அறையில் காலையில் பன்னிரண்டு பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. அந்தப் பன்னிரண்டு பேருடைய சம்பளத்தில்தான் வாடகை, அரிசி, கிழவரின் மருந்து எல்லாம்.

வகுப்புக்கு அரசாங்க அங்கீகாரம் வேண்டும் என்று சரோஜா மனுப் போட்டிருந்தார். அது இருந்தால்தான் அந்தப் பெண்கள் தையல் பரீட்சைக்குப் போக முடியும். இல்லையென்றால் ஜனவரியில் நின்றுவிடுவதாக ஒன்பது பேர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மீதி மூன்று பேரை வைத்துக்கொண்டு வகுப்பு எப்படி நடக்கும், வாடகை எப்படிக் கொடுப்பது? செப்டம்பரில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ஒருமுறை வந்து பார்த்திருக்கிறார். கட்டிலும் தையல் மெஷினும் ஊறுகாய் ஜாடியும் ஒன்றாகக் கிடந்தன. “இதில எது ஸ்கூல், எது வீடு? தனியா ஓர் அறை இல்லாம நான் எதைன்னு எழுதறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நவம்பர் 11, திங்கட்கிழமை மறுபடி வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். நடுவில் சுவர் கட்டக் கூடாது, பலகை வைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிஷன். திரை கட்டிப் பார்த்தார்களாம். வெளிச்சம் செத்துப்போய் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதன் பிறகுதான் சரோஜாவுக்கு இந்த யோசனை வந்தது. பாதி அறைக்கு ஒரு வண்ணம், மீதிக்கு வேறு வண்ணம்.

நான் வழக்கம்போல வெளிர் நீலமும் சந்தன நிறமும் சொன்னேன். சின்ன அறைக்கு அடர்த்தியான வண்ணம் ஆகாது என்று அந்தக் காலத்தில் எல்லாரும் சொல்லுவோம்.

“வெளிர்னா வேண்டாம் சார். இரண்டு வெளிர் நிறம் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணு மாதிரிதான் தெரியும். பாவாடைக்கு பார்டர் வைக்கறப்போ நாங்க என்ன பண்றோம்? வாசல்ல நின்னு பார்த்தாலே இது வேற அது வேறன்னு தெரியணும். வகுப்புக்கு நல்ல கப்பல் நீலம். வீட்டுக்கு மஞ்சக் காவி.”

“நீலத்துல வெளிச்சம் குறையுமே அம்மா?”

“ஜன்னல் இருக்கு. வெள்ளைத் துணி நீலத்துக்கு முன்னாடி எடுப்பா தெரியும். அடிங்க.”

அடிக்க வந்தவர் காதர் பாய். மீர்சாகிப்பேட்டைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அவர் அப்பாவும் இதே வேலை. நீலத்தைக் கரைத்துவிட்டு டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, இத்த அடிச்சா ரூமு கெணறு மாரி ஆய்டும். உள்ளாற குந்தினு அந்தம்மா நூல் கோக்கறதா, தண்ணி சேந்தறதா?”

“சொன்னதைச் செய்ங்க பாய்.”

“செய்றேன் சார். கெணத்துக்குக் கூலி வேற, ரூமுக்குக் கூலி வேற. எய்திக்கோ.”

வேலை ஆரம்பிக்குமுன் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சுவர் அவருடையது. சனிக்கிழமை காலை அளவுப் புத்தகத்தை மழைக்கு மெழுகுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போனேன். படி பதினேழு, நடுவில் திரும்பும் இடத்தை ஒரு படியாகக் கணக்கிட்டால் பதினெட்டு. வீட்டுக்காரர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டேன். புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: மாடி. அறை ஒன்று, நீலம், பதினொரு அடி. அறை இரண்டு, மஞ்சள், ஒன்பது அடி.

“எழுத்து முத்து முத்தா இருக்கு சார். எனக்கு இதுல ஒரு காப்பி கிடைக்குமா?”

என் கையெழுத்தை ஒருவர் புகழ்ந்தால் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிடும். ஒரு தாளில் அப்படியே எழுதினேன். கீழே என் பெயரையும் தேதியையும் போட்டுக் கொடுத்தேன். பத்து இருபது என்று நேரத்தையும் எழுதினேன். எதை எழுதினாலும் நேரம் போடுவது என் பழக்கம். அவர் புன்சிரிப்போடு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இவருக்கு எதற்குக் காப்பி என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் இது ஒன்று: காப்பி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அவமரியாதை இல்லை.

சனி மதியம் வேலை தொடங்கினோம். உடனே ஒரு சிக்கல். வகுப்புக்குப் பதினொரு அடி வேண்டும் என்று அளந்து வைத்திருந்தேன். பெண்கள் நாலு பேராக மூன்று வரிசை, இரண்டு மெஷின், துணி வெட்டும் மேஜை, அதற்குக் குறைந்தால் இடிக்கும். இடது மூலையிலிருந்து பதினொரு அடியில் நூல் அடித்தோம். நீலம் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். கோடு கதவுக்குள் போய் விழுந்தது.

அந்த அறைக்கு வாசல் ஒன்றுதான். நீளச் சுவரின் நடுவில் இருந்தது. ஒன்பதடி மூன்று அங்குலத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டடி மூன்று அங்குலத்தில் முடிந்தது. கோட்டை வாசலுக்கு இடப்பக்கம் நகர்த்தினால் வகுப்புக்கு ஒன்றே முக்கால் அடி குறைகிறது, ஒரு மெஷின் வெளியே போகிறது. வலப்பக்கம் நகர்த்தினால் வீட்டுக்கு வாசலே இல்லை. கிழவர் வெளியே போக வேண்டுமென்றால் வகுப்புக்குள் நுழைந்துதான் போக வேண்டும். இடப்பக்கம் ஒருமுறை நூல் அடித்தேன். அழித்தேன். வலப்பக்கம் அடித்தேன். அதையும் அழித்தேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்ப்பா, முன்னாடி போறியா, பின்னாடி போறியா? ஷண்டிங்ல கூட இவ்வளவு நேரம் ஆகாது.”

“வாசல் எந்த அறையைச் சேர்ந்ததுன்னு பார்க்கிறேன் ஐயா.”

“பிளாட்பாரம் எந்த வண்டியைச் சேர்ந்தது? எந்த வண்டி வருதோ அதைச் சேர்ந்தது. கோட்டைப் போடு.”

கடைசியில் கோட்டைப் பதினொரு அடியிலேயே விட்டேன். வாசலின் இடது நிலைக்கு நீலம், வலது நிலைக்கு மஞ்சள். உள்ளே நுழைகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்த அறை. அது சரியா தவறா என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை வலுத்தது. சுண்ணாம்பு காயவில்லை. கோட்டின் அருகில் நீலமும் மஞ்சளும் ஒன்றோடொன்று ஊறிக் கசிந்து, வாசல் நிலையிலும் எதிர்ச் சுவரில் தரை வரைக்கும் ஒரு பச்சைப் பட்டை இறங்கியது. நாலு அங்குல அகலம். சில இடங்களில் ஐந்து.

காதர் பாய் இரண்டு அடி பின்னால் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். “ரெண்டு அடிக்கச் சொன்ன. மூணாவதா ஒண்ணு தானா பொறந்துக்கீது சார். இதுக்கும் ஒரு வரி எய்திக்கோ, கூலியாவது தேறும்.”

“சிரிக்காதீங்க பாய். இதை எப்படி மறைக்கிறது?”

“மேல அடிச்சா இன்னும் ஊறும். காயட்டும், உடு. நல்லாத்தான் கீது, பச்சப் பாம்பு மாரி.”

மாமனாருக்கு மட்டும் ரொம்பச் சந்தோஷம். “பச்சை விழுந்துடுச்சு சரோஜா! வண்டி போலாம்!”

அன்று சாயங்காலம் நாலே காலுக்கு வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாசலில் நின்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பச்சையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் காப்பியை எடுத்தார்.

“ஏம்மா, நான் உனக்கு விட்டது ஒரு ரூம். வாடகை பதினெட்டு ரூபாய். யுத்தத்துக்கு முன்னாடி போட்ட வாடகை, கண்ட்ரோல் சட்டத்தால அதை ஓரணா ஏத்த முடியலே. சரின்னு இருந்தேன். இப்போ இங்கே இரண்டு ரூம் இருக்குன்னு ஓவர்சியரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். டிசம்பர்லேருந்து இரண்டு ரூமுக்கும் வாடகை கொடுத்துடு. முடியலைன்னா ஒரு ரூமைக் காலி பண்ணிக் கொடு, நான் வேற ஆளுக்கு விட்டுக்கறேன்.”

சரோஜாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

“எந்த ரூமைங்க?” என்றார் சரோஜா.

“நீலமோ மஞ்சளோ, உன் இஷ்டம். பச்சையை நான் கேட்கலை.”

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். மட்டை கழுவுகிற அரை மணி, டின், வண்ணத்துக்கு ஒரு வரி, எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அது உங்க ஆபீஸ் வழக்கம் சார். எனக்குத் தெரிஞ்சது காகிதத்துல இருக்கறது. ரெண்ட் கண்ட்ரோலர் ஆபீஸ்ல மட்டை கழுவறதையெல்லாம் கேட்க மாட்டாங்க” என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது நிலையில் சாய்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டதில் அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் பச்சை ஒட்டிக்கொண்டது. அதை யாரும் சொல்லவில்லை.

அவர் இறங்கிப் போனதும் சரோஜா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எழுதிக் கொடுத்தீங்களா?”

“காப்பி கேட்டார் அம்மா.”

“கேட்டா?”

அந்த அம்மாளுடைய நிலைமையை நான் அப்போதுதான் முழுதாக எண்ணிப் பார்த்தேன். நாளைக்கு வருகிற இன்ஸ்பெக்ட்ரஸுக்கு இது இரண்டு அறையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு போகும். கீழே இருக்கிறவருக்கு இது ஓர் அறையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு போகும். இன்ஸ்பெக்ட்ரஸ் தன் அச்சடித்த பாரத்தில் ‘தனி அறை உண்டு’ என்று எழுதிவிட்டால் என் காப்பிக்கு அரசாங்கமே சாட்சி சொன்னதாகிவிடும்.

“ஒரே கூரைக்குக் கீழ காலைல இரண்டு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரூம் குட்டி போட முடியுமா?” என்றார் மாமனார். அவர் கேலியாகத்தான் சொன்னார். மருமகள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொன்று ஐந்துக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். குட்டையான உருவம், கறுப்புக் குடை, கையில் பாரம் வைத்த அட்டை. ஈரம் படாமலிருக்கப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அறையின் நடுவில் நின்றார். நீலப் பக்கத்தில் பன்னிரண்டு பெண்களும் மூன்று வரிசையாக உட்கார்ந்து பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பக்கத்தில் கட்டில், பெட்டி, ஜாடிகள், மாமனார். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் காய்ந்ததா என்று பார்க்கிற சாக்கில் வந்திருந்தேன். காதர் பாயும் ஒரு டின்னை வைத்துக்கொண்டு வெளியே தளத்தில் நின்றார். ஐந்து நிமிடத்தில் வீட்டுக்காரரும் வேறு சட்டை போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

“நல்லா இருக்கே” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். “போன தடவை எது எங்கே இருக்குன்னே தெரியலை. இப்போ கண்ணு தானா பிரிச்சுக்குது. சரி, இது தனி அறைன்னு எழுதலாமா?”

“தாராளமா எழுதுங்கம்மா. ஓவர்சியரும் அப்படித்தான் எழுதியிருக்கார்” என்று வீட்டுக்காரர் காப்பியை நீட்டினார்.

வீட்டுக்காரரே பரிந்து பேசினதும் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்கதானா? சொல்லுங்க. இது ஒரு ரூமா, இரண்டு ரூமா?”

சரோஜா மேஜையருகில் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றார். அவரும் என்னைத்தான் பார்த்தார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று அந்த முகத்தில் தேடினேன். அது அவருக்கே தெரியாது என்றுதான் எனக்குப் பட்டது.

நான் யோசித்துத் தீர்மானித்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. வகுப்பு போனால் வீட்டில் இருந்தபடி ரவிக்கை தைத்தாவது பிழைக்கலாம், வீடு போனால் எங்கே போவார் என்று நான் நிறுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் ஒரு பாடமாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. பயம் வந்தால் நான் எதையாவது எண்ணுவேன். ஜன்னல் இரண்டு. வாசல் ஒன்று. நிலை இரண்டு. மூலை... மூலை நாலு. இரண்டு அறை என்றால் மூலை எட்டு இருக்க வேண்டுமே?

“மூலை நாலுதான் இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “ஒரு ரூம்தான்மா.”

வீட்டுக்காரரின் புன்சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்ட்ரஸ் பேனாவைத் திறந்து பாரத்தின் மேல் குனிந்தார். “அப்போ தனி அறை இல்லைன்னுதான் எழுதணும்” என்றார். அவருக்கும் வருத்தம்தான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தைப்பதை நிறுத்தினாள். சரோஜா அவள் பக்கம் போய், “கையை நிறுத்தாதே. மணி இன்னும் ஆகலை” என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் குனிந்து அவளுடைய பட்டன் துளையைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் கத்தரிக்கோலை வீசியிருப்பேன்.

அப்போது மஞ்சள் பக்கத்திலிருந்து மாமனார் எழுந்து கோட்டுக்கு வந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி நீலப் பக்கத்து ஜன்னலில் இருந்தது. பச்சைப் பட்டைக்கு இந்தப் பக்கம் கால் விரல் வந்ததும் நின்றுவிட்டார்.

“சரோஜா, என் கண்ணாடி.”

சரோஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வகுப்பு நடக்குது மாமா. ஒரு மணிக்கு.”

கிழவர் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தாத்தா, அஞ்சடி தூரம்தானே? நீங்களே போய் எடுத்துக்கக் கூடாதா?”

“சிக்னல் இல்லாம எப்படிம்மா போறது? முப்பத்து ரெண்டு வருஷம் கார்டா இருந்திருக்கேன்.”

“பச்சைதானே போட்டிருக்கு, உங்க காலடியிலேயே!”

“அது இந்த ஆளுங்க கசிய விட்ட பச்சை. அதை நம்பி வண்டி எடுத்தா வேலை போயிடும். இங்க ஸ்டேஷன் மாஸ்டர் அவதான். சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னாடிலேருந்தே அப்படித்தான். பத்து மணிக்கு லைன் மூடினா ஒரு மணிக்குத்தான் திறப்பா. மூக்குப் பொடி அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா அன்னிக்குப் பொடி கிடையாது.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரோஜா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சரோஜாவிடம், “நிஜமாவே பத்திலேருந்து ஒண்ணு வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வர்றதில்லையா?” என்று கேட்டார்.

“வர்றதில்லைங்க. அவருக்குத் தண்ணிப் பானையும் அந்தப் பக்கத்திலேயே வெச்சிருக்கேன்.”

இன்ஸ்பெக்ட்ரஸ் பாரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். “இதுல அறைன்னு கேட்டிருக்கான். நாள் முழுக்க அறையா இருக்கணும்னு கேட்கலை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார்: அறை ஒன்று. காலை பத்து முதல் பகல் ஒரு மணி வரை வகுப்புக்கு மட்டும் தனியாக உள்ளது.

அது பொய் இல்லை. முழு உண்மைதானா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்து அங்கீகாரம் வந்தது. ஒன்பது பெண்களும் தொடர்ந்து வந்தார்களா என்று கேட்டால், ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், எட்டுப் பேர் இருந்தார்கள்.

ஆனால் அன்றைக்கு வேலை அதோடு முடியவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் குடையை விரித்துக்கொண்டு போனதும் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

“அரசாங்கமே எழுதிட்டுப் போச்சு. பத்திலேருந்து ஒண்ணு. மூணு மணி நேரத்துக்கு இங்கே இரண்டு ரூம் இருக்கு.”

“மிச்ச நேரம் ஒண்ணுதானே?” என்றேன்.

“ஒத்துக்கறேன் சார். நான் அநியாயம் கேட்கறவன் இல்லை. ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி. அதுல மூணு மணின்னா எட்டுல ஒரு பங்கு. இரண்டாவது ரூம் வாடகை பதினெட்டு. அதுல எட்டுல ஒரு பங்கு இரண்டே கால் ரூபாய். மாசம் இரண்டு ரூபாய் நாலணா கொடுத்துட்டா இந்தக் காப்பி என் பீரோவிலேயே இருக்கும். இல்லேன்னா கண்ட்ரோலர் ஆபீஸுக்குப் போகும்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மனதுக்குள் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது மறுநாள்தான்.

சட்டப்படி அவர் கேட்டது செல்லாது என்று பிற்பாடு ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கச் சரோஜா எத்தனை நாள் வகுப்பை விட்டு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும்? அங்கே என்னைக் கூப்பிட்டு, ‘சனிக்கிழமை இரண்டு என்று எழுதினாய், திங்கட்கிழமை ஒன்று என்று சொன்னாய், எது பொய்?’ என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?

“நான் இதுக்கு ஒரு வழி...” என்று சரோஜாவிடம் ஆரம்பித்தேன்.

“வழி என்ன சார் வழி? நீங்க எழுதினது. நீங்க கட்டுங்க” என்றார் அவர். மேஜையில் கிடந்த துண்டுத் துணிகளைத் திரட்டிக்கொண்டே சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தைத்த பெண்ணிடமே அவள் தப்பைப் பிரிக்கக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

வெளியே காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். படி இறங்கும்போது, “ஏன் சார், நீ ஒண்ணுன்னு சொன்னதுக்குக் கட்டறியா, ரெண்டுன்னு எய்தினதுக்குக் கட்டறியா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. நீங்கள் அளவுப் புத்தகத்தில் ஒரு சொல்லை எழுதும்போது, அதை உங்கள் ஆபீஸுக்கு வெளியே யார் படிப்பார், அவருக்கு அது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுவேன். அதன் பிறகு நான் தலைப்பில் ‘அறை’ என்று போட்டதில்லை. ‘வண்ணம்’ என்று போட்டேன். கண்டிராக்டருக்கு அது பிடிக்கவில்லை. என் பக்கங்களை மட்டும் அவர் தனியாகத் திருப்பிப் பார்ப்பார்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கிய மறுநாள் மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய், வீட்டுக்காரரின் வராந்தாவில் பணத்தை வைத்துவிட்டு வருவேன். அவர் ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்லி, காப்பி பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுவார். மேலே வகுப்பு நடக்கிற நேரமாக இருந்தால் மெஷின் சத்தம் கேட்கும். நான் மாடிக்குப் போனதில்லை. பத்திலிருந்து ஒன்று வரை போகக் கூடாது, மற்ற நேரம் எனக்கு அங்கே என்ன வேலை?

1948 ஜூன் கடைசியில் சரோஜா மாமனாரையும் இரண்டு மெஷினையும் அழைத்துக்கொண்டு அடையாறு பக்கம் வேறு வீட்டுக்குப் போனார். அங்கே நடுவில் சுவர் இருந்ததாம். வீட்டுக்காரர் காப்பியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். 1946 டிசம்பர் முதல் 1948 ஜூன் வரை பத்தொன்பது மாதம், மாதம் இரண்டு ரூபாய் நாலணா. மொத்தம் நாற்பத்திரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா.